மெட்டா நிர்வாகத்துக்குப் பார்க்டேலிலிருந்து ஒரு மனு

பெறுநர்: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வட்ஸ்அப் ஆகிய மூன்றையும் ஒரே குடையின் கீழ் ஆளும் மெட்டா நிர்வாகத்தினர், மென்லோ பார்க், கலிஃபோர்னியா.

அனுப்புநர்: குயின் வீதி மேற்கின் சிறு கடைக்காரர் சார்பில், அவர்களிடம் வாங்கிச் சாப்பிடும் ஒருவர், பார்க்டேல், ரொறன்ரோ.

பொருள்: தங்களைப் பற்றி எங்கள் வீதியில் உலாவும் தவறான எண்ணங்கள்.

மதிப்புக்குரியீர்,

தாங்கள் நலமா என்று கேட்பது சம்பிரதாயம். ஆனால் கேட்கத் தேவையில்லை. 2023ஆம் ஆண்டுக்குத் தாங்கள் காட்டிய வருமானம் 134.9 பில்லியன் அமெரிக்க டொலர், அதில் 131.9 பில்லியன் விளம்பரம் விற்ற காசு. இவ்வளவு தெளிவாகக் கணக்குக் காட்டியும், இங்கே கனபேர் தங்களை ஒரு தரும ஸ்தாபனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "பேஸ்புக்கில போட்டா ஃப்ரீதானே, பிறகேன் விளம்பரத்துக்குச் செலவழிப்பான்?" என்று என் காதுபடக் கேட்கிறார்கள். பாடுபட்டுச் சம்பாதிக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி இப்படி அவதூறு பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பார்க்டேல் தங்களுக்குத் தெரியாத இடமல்ல; இங்கே யார் எந்த வேளையில் எதைப் படம்பிடித்துச் சாப்பிட்டார் என்பது எங்கள் நகரசபையைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் முறைக்குச் சொல்கிறேன். 1879இல் தனிக் கிராமமாகி, பத்து வருஷத்தில், 1889இல், ரொறன்ரோவுக்குள் போய்விட்ட ஊர். 1950களில் கார்டினர் நெடுஞ்சாலை குறுக்கே வந்து ஏரிக்கரையைப் பிரித்தது. ஜேம்சன் அவெனியூவில் மாடிக் கட்டடங்கள் எழும்பின, ஊர் வாடகைக்காரர் ஊரானது. எண்பதுகளில் வந்திறங்கிய எங்கள் தமிழ்ச் சனத்திலும் ஒரு பங்கு, ஸ்காபரோவுக்குப் போகுமுன் இந்த மாடிகளில் ஒதுங்கியதுண்டு. இப்போது திபெத்தியர் கூடி வாழ்ந்து 'லிற்றில் திபெத்' என்று பேரெடுத்திருக்கிறது. குயின் வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தால் மோமோ வாசனைக்குக் குறைவில்லை. 2017 மே மாதம் நூற்றுக்கணக்கான குடித்தனக்காரர் வாடகையைக் கட்டாமல் நிறுத்திவைத்து, வாடகையை ஏற்றப்போன நிறுவனத்தை அந்தக் கோடைக்குள்ளேயே இறங்கிவர வைத்தார்கள். வாடகை ஏற்றுகிறவன் எப்படியெல்லாம் ஏற்றுவான் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்பேர்ப்பட்ட ஊர், தாங்களும் வாடகை வாங்குகிறவர்தான் என்பதை மட்டும் கண்டுகொள்ளவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தாங்கள் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு நான் சாட்சி. ஒரு பக்கத்தில் போடும் பதிவு அந்தப் பக்கத்தை விரும்பியவர்களில் சராசரியாக 16 வீதம் பேருக்குத்தான் போய்ச் சேருகிறது என்று 2012இல் தாங்களே சொன்னீர்கள். 2014 பெப்ரவரியில் ஓகில்வி விளம்பர நிறுவனம் பார்த்த பக்கங்களில் அது 6 வீதமளவுக்கு இறங்கியிருந்தது. 2018 ஜனவரியில் திரு. சக்கர்பேர்க், இனி நண்பர், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முதலிடம், வியாபாரப் பதிவுகளைக் குறைவாகத்தான் காண்பீர்கள் என்று பகிரங்கமாக எழுதினார். ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்காரர் வாடகையை ஆண்டு வரையறைக்கு மேல் ஏற்றுவதென்றால் மாகாண நடுவர் சபையின் வாசலில் நிற்க வேண்டும். தங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. பூட்டை மாற்றவில்லை, கதவில் நோட்டீஸ் ஒட்டவில்லை. கடைக்கு முன்னால் போய்வந்த சனத்தை மட்டும் வேறு தெருவால் திருப்பிவிட்டீர்கள். சனம் வேணுமென்றால் காசு கட்டிப் பதிவைப் பூஸ்ட் பண்ணு. இதைவிட நாசூக்காக வாடகை ஏற்றிய வீட்டுக்காரரை நான் கண்டதில்லை. ஆனால் எங்கள் கடைக்காரருக்கு இது விளங்கவில்லை. பதிவு ஓடவில்லை என்றால் படம் வடிவில்லை என்று நினைத்துப் புதுப் போன் வாங்குகிறார்கள்.

எங்கள் மாமியின் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமியல்ல, வீதிக்கே மாமி. சின்ன ரேக்-அவுட் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மேல்தட்டில் மட்டன் ரோல்ஸ், கீழே மீன் பற்றிஸ், மூலையில் கடலை வடை. மத்தியானத்தில் சோற்றுப் பார்சல், பின்னேரம் கொத்து. பெட்டியின் மேல் ஒரு கொப்பி, அதில் கடன்காரர் பேர்கள், பக்கத்தில் நூல் கட்டிய பேனை. இந்தக் கடைக்கு 'சோஷல் மீடியா' பார்ப்பது மாமியின் தங்கச்சி மகன். தகுதி: போனை விடாமல் வைத்திருப்பான். சம்பளம்: கொத்து, முட்டை இரட்டிப்பு. வாட்டசாட்டமான பெடியன், நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஆனால் போன் வைத்திருக்கிறவனுக்கெல்லாம் வியாபாரம் தெரியும் என்றால், ஸ்ரீட்கார் ஏறுகிறவரெல்லாம் போக்குவரத்துச் சபைக்குத் தலைவராகலாம்.

போன மாரியில் பெடியன் ஒரு ரீல் போட்டான். கொத்துப் போடும் தகடு இரண்டும் ரொட்டியில் விழுகிற சத்தம், மேலே எழும்புகிற ஆவி, பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். பரிஸ் லா சப்பலில் இருந்து ஒருவர் இதயம் போட்டார். சென்னையில் இருந்து ஒருவர் விலை கேட்டார். யாழ்ப்பாணத்துக்கு டெலிவரி உண்டோ என்று ஒருவர் பகிடியாகவோ உண்மையாகவோ எழுதினார். அன்றைக்கு மாமி வழமையைவிட இரண்டு தட்டு ரோல்ஸ் கூடச் சுட்டு வைத்தா. அவ்வளவும் மிஞ்சியது.

"தம்பி, பரிசில இருக்கிறவை பாத்து எனக்கென்ன? பக்கத்துக் கட்டடத்தில இருக்கிறவைக்குத் தெரியாதே, நான் பின்னேரம் தோசையும் சுடுறன் எண்டு."

எந்த வணிகப் பள்ளியும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தராது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஒரு ரேக்-அவுட் கடையின் வாடிக்கையாளர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர். பார்த்தவர் தொகை பெருகினால் வாங்குகிறவர் தொகையும் பெருகும் என்பது தாங்கள் எங்கும் எழுதிக்கொடுத்த வாக்குறுதியல்ல, இவர்களாகவே நம்பிக்கொண்டது.

'பார்த்தவர்' என்ற கணக்கையும் ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். மூன்று செக்கன் ஓடினாலே பேஸ்புக் அதை ஒரு பார்வையாகக் கணக்கிட்டு வந்தது. வீடியோக்களைச் சனம் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறது என்ற கணக்கை மிகையாகக் காட்டிவந்தோம் என்று 2016 செப்டெம்பரில் தாங்களே ஒத்துக்கொண்டீர்கள்: மூன்று செக்கனுக்குள் ஓடிவிட்டவர்களைச் சேர்க்காமல் சராசரி போட்டதால் வந்த வினை. இரண்டு வருஷம் அப்படியே போயிருந்தது. விளம்பரதாரர் வழக்குப் போட, 2019இல் 40 மில்லியன் டொலர் கொடுத்து முடித்தீர்கள். எங்கள் மாமியின் கொப்பியில் ஒரு ரோல்ஸ் கூடக் குறைய எழுதினால் அன்றிரவே அவவுக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்தது ஃபொலோவர் வியாபாரம். ஒருநாள் கோட் போட்ட ஒரு ஆலோசகர் வந்து, மாதக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். எந்த ஊர்ப் பத்தாயிரம் என்று மாமி கேட்க, அவர் கதையை லோகோவுக்கு மாற்றிவிட்டார். 2019இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் 2.2 பில்லியன் போலிக் கணக்குகளை நீக்கியதாகத் தாங்கள் அறிவித்திருந்தீர்கள். உலகத்தில் இருக்கிற மனுசரில் கால்வாசிக்கும் மேலான தொகை அது. அதிலே ஒருவராவது பற்றிஸ் தின்றிருப்பாரா? அதே வருஷம், லைக் எத்தனை என்று மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துப் பார்க்கும் சோதனையை இன்ஸ்டாகிராமில் முதன்முதல் கனடாவில்தான் செய்தீர்கள். அந்தக் கிழமைகளில் எங்கள் வீதியில் பலர் நாடித்துடிப்பு நின்றவர் மாதிரித் திரிந்தார்கள். விற்பனையில் ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை. லைக்குக்கும் கல்லாவுக்கும் என்ன உறவு என்று இதைவிட மலிவாக யாரும் காட்டியிருக்க முடியாது. அதற்கு நன்றி.

மச்சான்மார், சகலன்மார் எல்லாரையும் கூப்பிட்டு ஐந்து நட்சத்திரம் போடுவிப்பதும் இங்கே ஒரு சந்தைப்படுத்தலாகக் கருதப்படுகிறது. "எங்கட ஆக்கள்தானே, இதிலென்ன பிழை?" பெல் கனடாவின் ஊழியர் சிலர் தமது நிறுவனத்தின் செயலிகளைத் தாமே புகழ்ந்து எழுதியதற்காக, அந்நிறுவனம் 2015இல் 1.25 மில்லியன் டொலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. போட்டிப் பணியகம் பிடித்த பிடி அது. மச்சான்மாருக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. சிலர் சாப்பிடாத கடைக்கு எழுதிய விமர்சனத்தில், இல்லாத புரியாணியையும் புகழ்ந்திருக்கிறார்கள்.

பேர் அடிபட்டால் போதும், நல்லதோ கெட்டதோ வியாபாரம் ஏறும் என்பார் சிலர். அவர்களுக்கு 2018இல் எங்கள் குயின் வீதியில் நடந்ததை நினைவூட்டலாம். பாலும் சேர்க்காத வீகன் சைவ உணவு வியாபாரக் குழுமம் ஒன்று இங்கே சில கடைகளைப் போட்டு, அந்தத் துண்டு வீதிக்கே 'வீகன்டேல்' என்று தானாகப் பேர் வைத்தது. பேர் நன்றாக அடிபட்டது, பத்திரிகைகளிலும் வந்தது. வந்த விதம்தான் வேறு: வாடகை ஏறி ஏறி ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊரில், இருந்த பேரையும் எடுத்துவிட்டார்களே என்று ஊர்ச்சனம் கொதித்தது. மரக்கறி தின்பதில் இந்த ஊருக்கு ஆட்சேபம் இல்லை. வெள்ளிக்கிழமைக்காரர் நாங்களும் இருக்கிறோம். கேளாமல் ஊருக்குப் பேர் வைப்பதுதான் தொண்டையில் சிக்கியது.

தினமும் பதிவு போடு, எல்லாத் தளத்திலும் இரு, டிக்டொக்கில் ஆடு என்கிற உபதேசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு அடுப்பைத் தேய்த்துவிட்டு நிற்கிற ஒரு மனுசி ஆடினால் ஊர் சிரிக்கும், ரோல்ஸ் வாங்காது.

ஆனால் ஒரு தப்பெண்ணத்தை மட்டும் என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. தங்கள் தளத்தில் சேர்ந்த கூட்டம் தமது சொந்தக் கூட்டம் என்று கடைக்காரர் நம்புவது. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி தங்கள் மூன்று தளங்களும் ஆறு மணித்தியாலமளவில் படுத்துவிட்டன. வட்ஸ்அப்பில் மட்டும் ஓடர் எடுத்தவர்களுக்கு அன்றைக்குக் கடை பூட்டினமாதிரித்தான். 2023 ஓகஸ்ட் 1இல் இருந்து, மத்திய அரசின் இணையச் செய்திச் சட்டத்தோடு முரண்பட்டு, கனடாவில் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைத் தங்கள் தளங்களில் மறைக்கத் தொடங்கினீர்கள். சட்டம் சரியா பிழையா என்று வாதாட நான் வரவில்லை. 'வாசகரைப் பேஸ்புக்கில் சேருங்கள்' என்ற பேச்சை நம்பி வருஷக்கணக்காய்ச் சேர்த்த சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளுக்கு, அந்த வாசகர் ஒரே முடிவில் எட்டாமல் போனார்கள். எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை வாசலில் இலவசமாய் அடுக்கிக் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகையை அப்படி ஒரே பொத்தானில் மறைக்க ஏலாது. 'தமிழர் மத்தியில்' என்ற தடித்த தொலைபேசிப் புத்தகத்தை அந்தக் காலத்து விளம்பரம் என்று சிரிக்கிற பெடியளின் வீட்டில், அதே புத்தகத்தைப் பார்த்துத்தான் அம்மா பிளம்பரைக் கூப்பிடுகிறா.

தங்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொன்னால் அதுவும் இன்னொரு தப்பெண்ணம். மோமோக் கடைகளின் படம் பார்த்து மிஸிசாகாவில் இருந்து கார் ஓட்டி வருகிறவர்களை நானே வரிசையில் கண்டிருக்கிறேன். கடையைச் சுற்றி இத்தனை கிலோமீற்றருக்குள் இருப்பவருக்கு மட்டும் காட்டு என்று அளந்து கொடுக்கும் சின்ன விளம்பரம் நேர்மையான யாவாரம். அதை விட்டுவிட்டு, கண்ணுக்கு முன்னால் மினுங்குகிற பூஸ்ட் பொத்தானை அமத்துகிறார்கள். அது பெரும்பாலும் லைக் போடக்கூடிய கையைத்தான் தேடிப் பிடிக்கிறது. லைக் போடும் கை வேறு, பேர்ஸைத் திறக்கும் கை வேறு. 2017 வாடகைப் போராட்டக்காரரைப் பாருங்கள்: கதவு கதவாய்த் தட்டினார்கள், கட்டட வாசலில் நின்று கதைத்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் மாமிக்கு வேண்டியதும் அந்தக் கதவுகள்தான். பின்னேரத் தோசை என்று நாலு மொழியில் எழுதிய ஒரு தாளைச் சலவை இயந்திர அறையில் ஒட்டினால் ஆகிற வேலை. திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம், போன் நம்பர் மூன்றும் சரியாக இல்லாத பக்கங்கள் எங்கள் வீதியில் எத்தனையோ. அவையும் தினமும் ரீல் போடுகின்றன.

இனி மனு. 2016இல் இன்ஸ்டாகிராமில் பதிவுகள் நேர ஒழுங்கில் வருவதை மாற்றினீர்கள். 2022இல் அந்த ஒழுங்கை, வேணுமானவர் தேடி எடுக்கட்டும் என்று ஒரு மூலையில் திருப்பித் தந்தீர்கள். அந்த மூலையை மாமியின் வாடிக்கையாளர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பனி கொட்டி ஸ்ரீட்கார் நின்றுபோன நாளில் "இன்று கடை இல்லை" என்று போடுகிற பதிவை, வெயில் வந்த பிறகு பார்த்து என்ன பயன்? ஒரு கடையைத் தானாக விரும்பித் தொடர்கிற மனுசருக்கு, அந்தக் கடை சொல்வதை அன்றைக்கே காட்டுங்கள். சும்மா காட்டச் சொல்லவில்லை. காசு வேண்டுமென்றால் எவ்வளவு, எத்தனை பேருக்கு, எத்தனை மாதத்துக்கு அந்த விலை மாறாது என்பதை வீட்டு ஒப்பந்தம் போல ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பார்க்டேலில் யாரும் கையெழுத்தில்லாமல் வாடகை கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நலன்விரும்பி,
குயின் வீதி மேற்கு, பார்க்டேல்.