மைனஸ் முப்பதா, நாற்பத்தைந்தா?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இரண்டு சாதி உண்டு: விமானம் ஓட்டுகிறவர்கள், ஜாய்ஸ்டிக் சென்சிடிவிட்டியைத் திருத்துகிறவர்கள். பின்னவர்களுக்கு ஓடுபாதையைவிட செட்டிங்ஸ் திரைதான் பழக்கம்.

குச்சியின் அசைவுக்கு விமானம் எவ்வளவு அசையும் என்று காட்டும் ஒரு கோடு அங்கே இருக்கும். ஸ்லைடரை மைனஸ் பக்கம் தள்ளினால் அந்தக் கோடு நடுவில் படுத்துக்கொள்ளும். குச்சியை லேசாக அசைத்தால் விமானம் கண்டுகொள்ளாது. ஓரத்துக்குப் போனால் சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் கொட்டிவிடும். "மைனஸ் 30 போதும்" என்பார் ஒருவர். "சேச்சே, 45 வையுங்க சார்" என்பார் இன்னொருவர்.

அடுத்தது டெட் ஸோன். தேய்ந்த ஜாய்ஸ்டிக் தொடாமலே ஒரு பக்கம் சாய்ந்தால், நடுவில் சில சதவீதம் விட்டுவைக்கலாம். தாராளமாக 20 கொடுத்தால் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்த கதைதான்: நாம் அசைவோம், அங்கே ஒன்றும் அசையாது.

நிஜ செஸ்னா 172 விமானத்தில் இந்த ஸ்லைடரெல்லாம் கிடையாது. கைப்பிடியை இழுத்தால் கேபிள் வழியே வாலில் உள்ள எலிவேட்டர் நகரும். வேகம் கூடக் கூடப் பிடியும் இறுகும். மேசைக் குச்சியின் ஸ்பிரிங்குக்கு எல்லா வேகமும் ஒன்றுதான். அந்தக் குறையைத்தான் கோட்டை வளைத்து மறைக்கப் பார்க்கிறோம்.

ஆனாலும் நமக்கொரு சலுகை உண்டு. தரையில் மோதிய பிறகும் பழியை ஸ்லைடர்மேல் போடலாம். செஸ்னாக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.