நாலு மணிப் பண்டம்

கேள்வி: காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க நேரமில்லை. நாலு மணிக்குத் தேநீரோடு பஜ்ஜியோ கிரீம் பன்னோ வந்துவிடுகிறது. வீட்டிலேயே செய்து கொண்டுபோக நல்ல பண்டம் ஒன்று சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, புதியம்புத்தூர்

பதில்: சகோதரி, ஆயத்த ஆடைகளைத் தைத்து நாலு திசைக்கும் அனுப்பி ஊராருக்கெல்லாம் உடுப்புக் கொடுக்கிற புதியம்புத்தூரில், நாலு மணிக்கு வருகிற பசி நியாயமான பசி, அதற்கு நியாயமான ஆகாரமே பதிலாக வேண்டும். மிஷினுக்குத் தவறாமல் எண்ணெய் விடுகிற தாங்கள், அதை ஓட்டுகிற உடம்புக்கும் அதே சிரத்தையைக் காட்டுவதுதானே முறை?

கம்பு உருண்டை செய்யுங்கள். கம்பை வாசனை வரும்வரை சிறுதீயில் வறுத்து, ஆறவிட்டு அரைத்து, அந்த மாவோடு வறுத்து ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலையும் சுக்கும் ஏலமும் கலந்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகைச் சூடாக ஊற்றி, கை பொறுக்கும் பதத்தில் பிடித்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை தேவை. கம்பு இயற்கையிலேயே எண்ணெய்ச் சத்து மிகுந்த தானியமாதலால், மாவாக்கிவிட்டால் அந்த எண்ணெய் சில நாளிலேயே கெட்டுக் காறல் நாற்றமும் கசப்பும் கொடுத்துவிடும். ஒரு மாதத்துக்கு என்று மொத்தமாய் அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டு, பிறகு "கம்பே கசப்பு" என்று அதன்மேல் பழி போடுகிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். நம் பாட்டிமார் அன்றன்றைக்குக் கம்பு இடித்ததன் காரணம் இதுவே. ஒரு வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். நாளொன்றுக்கு இரண்டு உருண்டை போதும். ஒன்று தங்களுக்கு, மற்றொன்று பக்கத்து மிஷின்காரிக்கு.

கேள்வி: கோவில்பட்டிக் கடலை மிட்டாயை வீட்டில் செய்து பார்த்தேன். ஒருநாள் கல்லாகிறது, மறுநாள் பசையாகிறது. என்ன ரகசியம்?
— ஓர் அன்பர், எட்டயபுரம்

பதில்: ரகசியம் முழுவதும் பாகில் இருக்கிறது, அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறேன். வெல்லத்தோடு சேர்ந்த நீர் கொதித்து வெளியேற வெளியேறப் பாகின் சூடு ஏறிக்கொண்டே போகிறது; நீர் மிகுந்திருக்கையில் இறக்கினால் ஆறிய பின்னும் அது பசையாகவே கிடக்கும்; அதிரசத்துக்கு ஏற்ற உருண்டைப் பதத்தைத் தாண்டி, நீர் ஏறக்குறைய முழுவதும் அகன்ற பின் இறக்கினால் கண்ணாடியைப் போல் இறுகிப் பல்லில் பட்டதும் நொறுங்கும்; அதற்கும் அப்பால் விட்டால் கருகிக் கசக்கும். தங்கள் மிட்டாய் கல்லாகிப்போனதும் பெரும்பாலும் பாகு அதிகம் முற்றியதாலன்று, முற்றியும் முற்றாமலும் பாதி வழியில் இறங்கியதாலேதான். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டில் போட்டுப் பாருங்கள்: "டங்" என்ற சப்தம் கேட்க வேண்டும். கேட்ட மறுகணமே, முன்பே வறுத்துத் தோல் நீக்கி உடைத்து வைத்த கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் கட்டையால் தேய்த்துத் துண்டு போட்டுவிட வேண்டும். இரண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு வெல்லம் போதும். இந்த மிட்டாயின் பெருமை கடலையினுடையது. வெல்லத்தின் உத்தியோகம் கடலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது மட்டுமே.

1940களில் கோவில்பட்டியிலே பொன்னம்பல நாடார் என்பவர் தம் பலசரக்குக் கடையில் செய்து விற்கத் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தப் பண்டம், 2020 ஏப்ரல் 30 அன்று புவிசார் குறியீடு பெற்றது. சுற்று வட்டாரத்துக் கடலையும், தேனிப் பக்கத்து வெல்லமும், தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்து கொடுக்கிற ருசி அது. அந்தத் தண்ணீர் தங்கள் வீட்டுக் குழாயில் வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். கடலையைப் பொறுக்கி எடுக்கிற பொறுமை எந்த ஊரிலும் கிடைக்கும். சூம்பியதும் நிறம் மாறியதும் பூஞ்சை பிடித்ததுமான கடலையை ஈவிரக்கமின்றி வீசி எறியுங்கள். அந்தப் பூஞ்சையில் பிறக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முற்றிலும் நீங்காதது.

ஐப்பசி மழையில் மிட்டாய் நமுத்துப்போகும். அப்போது காற்றுப் புகாத டப்பாதான் கதி. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுக்கலாகாது, தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை வியாதி. சீனியை விட்டுவிட்டேன். கருப்பட்டிக் காப்பி தாராளமாகக் குடிக்கலாம் என்கிறார்களே?
— விளாத்திகுளம்

பதில்: கூடாது, ஐயா. தங்கள்மீதுள்ள அன்பினாலேயே இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லுகிறேன். உடன்குடிப் பனங்கருப்பட்டியின்மீது எனக்குள்ள பிரேமை யாருக்கும் குறைந்ததன்று. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதனீரைக் காய்ச்சிக் காய்ச்சி, அனல் முகத்தில் அறைய அறைய அதைக் கருப்பட்டியாக்கும் அந்தப் பெண்களின் உழைப்பை நினைத்தால் ஒரு துண்டைக்கூட வீணாக்க மனம் வராது. 2023-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது உறவினர் வீட்டுக் கல்யாணம்போல் மகிழ்ந்தேன். இருந்தும், கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். இரும்பு முதலிய தாதுக்கள் சிறிது உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்தச் சிறிதுக்காக டம்ளர் டம்ளராகக் குடிக்கப் புகுந்தால், இரத்தம் அது எந்தப் பனையிலிருந்து வந்தது என்று விசாரித்துச் சலுகை காட்டாது. நோயற்றவர்களுக்கே தேனும் வெல்லமும் சீனியும் எல்லாம் கூடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டலாகாதென்றும், 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்மையென்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்துச் சொல்லியிருக்கிறது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, இனிப்பில்லாமலே ஒருமுறை குடித்துப் பாருங்கள். காரம் தொண்டையில் இறங்கும் சுகத்துக்கு இனிப்பின் சிபாரிசு வேண்டியதில்லை.

கேள்வி: கடம்பூர் போளியா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவா, எது உயர்ந்தது?
— கயத்தாறு

பதில்: தங்கள் ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கிறதோ அது.

கேள்வி: தூத்துக்குடி மக்ரூனைச் சீனி போடாமல், ஆரோக்கியமான முறையில் செய்ய வழியுண்டா?
— கல்லூரி மாணவி, ஒட்டப்பிடாரம்

பதில்: வழியில்லை, தங்கச்சி, இருந்தாலும் சொல்லித்தர எனக்குச் சம்மதமில்லை. முட்டையின் வெள்ளைக்கரு, முந்திரிப் பருப்பு, சீனி ஆகிய மூன்றே பொருள்களால் அமைந்த அந்தக் கூம்பு வடிவப் பண்டத்தில், சீனி ருசிக்காக மட்டும் சேர்வதன்று. வெள்ளைக்கருவை அடித்து அடித்து நுரையாக்கும்போது அந்த நுரை இடிந்து விழாமல் தாங்கி நிறுத்துவதும், மெதுவான சூட்டில் வெகுநேரம் உலர்ந்தபின் மேலே மொரமொரப்பும் வாயிலிட்டதும் கரைகிற மென்மையும் உண்டாக்குவதும் அதுவே. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முந்திரி போட்ட முட்டை வறுவல்தான்.

சத்துள்ள பண்டத்தைச் சத்துக்காக, பேராசைப் பண்டத்தைப் பேராசைக்காகச் செய்ய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மக்ரூனுக்குள் சத்தைத் திணித்தால் பாதி ருசியும் பாதி சத்துமான ஒன்று பிறக்கும். "இது உடம்புக்கு நல்லதுதானே" என்ற தைரியத்தில் அதையே நாம் தினந்தோறும் தின்னத் தொடங்குவோம். வருஷத்துக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் தங்கள் பிறந்த நாளுக்குமாக, சீனியில் கைவைக்காமல் முறைப்படி செய்யுங்கள். பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெயோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரை சரியாக எழும்பாது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

கேள்வி: வயசுக்கு வந்த பேத்திக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேக் கேட்கிறாள். என்ன செய்ய?
— ஒரு பாட்டி, நாகலாபுரம்

பதில்: தாயே, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேத்தி திருப்பிக்கொண்டது களியின்மீது உள்ள வெறுப்பினாலன்று என்று தோன்றுகிறது. நாலு பேர் கூடி நின்று, "தின்னு, இடுப்புக்குப் பலம்" என்று மருந்தைப்போல் நீட்டுகிற எதையும் அந்த வயதுப் பிள்ளை திருப்பித்தான் தள்ளும். தனியே உட்கார வைத்து ஊட்டுவதை விட்டுவிட்டு, அவளையே அடுப்படிக்கு அழையுங்கள். புரட்டாசியில் விதைத்த நம் கரிசலின் தோலுளுந்து நாலு பங்கும் பச்சரிசி ஒரு பங்கும் வறுக்கும்போது எழுகிற அந்த மணத்தை அவள் முதலில் முகரட்டும்; கருப்பட்டி கரைந்த நீர் கொதிக்கையில் அவள் மாவைத் தூவட்டும், தாங்கள் துடுப்புப் போடுங்கள்; நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிண்ட, ஒட்டிக்கொண்டிருந்த களி சட்டியை விட்டுச் சுருண்டு வருகிற கணத்தை அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும். உருட்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, வீட்டிலுள்ள எல்லோரும், ஆண்பிள்ளைகள் உட்பட, கூட உட்கார்ந்து தின்னுங்கள்.

கேக்கையும் மறுக்காதீர்கள். பிறந்த நாளன்று வாங்கிக் கொடுத்து, தாங்களும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்னுங்கள். அடுத்த முறை அவள் தங்கள் களியைக் கேட்டு வாங்குவாள்.

கேள்வி: அம்மா கடலை மிட்டாய் செய்து முடித்ததும் சட்டியில் ஒட்டியிருக்கிற பாகை நான் சுரண்டித் தின்னலாமா? அண்ணன் தனக்குத்தான் என்கிறான்.
— ஐந்தாம் வகுப்பு, பசுவந்தனை

பதில்: தாராளமாகத் தின்னலாம், கண்ணு. ஆனால் பாகின் சூடு கொதிக்கிற தண்ணீரின் சூட்டைவிட வெகு அதிகம். விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலையே உரித்துவிடும். ஆகவே சட்டி நன்றாக ஆறும்வரை நீயும் அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து நூறுவரை ஐந்து தடவை எண்ணுங்கள். பிறகு அம்மா சட்டியைத் தொட்டுப் பார்த்துச் சரி என்றதும், ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டு, நீ இந்தப் பக்கத்திலிருந்தும் அவன் அந்தப் பக்கத்திலிருந்தும் சுரண்டத் தொடங்குங்கள். நடுவில் வருகிற பெரிய கடலை அம்மாவுக்கு.