ஆழத்தில் ஒன்றுமில்லை, போய்ப் படுங்கள்

எட்வர்ட் ஃபோர்ப்ஸ் சாப்பாட்டுப் பிரியர், பாட்டுக் கட்டுபவர், கேலிப்படம் வரைபவர்; மிச்ச நேரத்தில் கடல் உயிரியலாளர். 1839இல் பர்மிங்ஹாமில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கூடியபோது, பெரியவர்களின் விருந்தில் காசும் அதிகம், கொட்டாவியும் அதிகம் என்று ‘சிவப்புச் சிங்கம்’ என்ற மதுக்கடையில் தனிப்பந்தி போட்டார். பந்தி பிறகு சங்கமாயிற்று. உறுப்பினர்கள் அத்தனை பேரும் சிங்கங்கள். பேச்சு பிடித்தால் கைதட்டக் கூடாது, கர்ஜிக்க வேண்டும். ரொம்பப் பிடித்தால் கோட்டின் பின்தொங்கலை வாலாகப் பிடித்து ஆட்ட வேண்டும். இப்படிப்பட்ட மனிதர் சொன்ன ஒரு கணக்கை நம்பித்தான் ஐரோப்பிய அறிவுலகம் கடலின் பெரும்பகுதியை இருபது வருஷம் காலி மனை என்று எழுதி வைத்திருந்தது.

கணக்கு இதுதான். 1841இல் ‘பீக்கன்’ என்ற கடற்படைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குப் போனார். இரும்புச் சட்டத்தில் கட்டிய பையைக் கயிற்றில் இறக்கி, அடித்தரையை வாரி வாரிப் பார்த்தார். ஆழம் கூடக்கூட உயிர்வகை குறைந்தது. 230 பாகம் வரை வாரிவிட்டு, மிச்சத்துக்குத் தாளில் கோடு இழுத்தார். கோடு 300 பாகத்தில், அதாவது சுமார் 550 மீட்டரில், பூஜ்யத்தைத் தொட்டது. அதற்குக் கீழே உயிரே இல்லை என்றார். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர் பக்கம். மேல் ஏட்டைப் படித்துவிட்டுப் புத்தகம் முடிந்தது என்று சொன்னவர்களில் ஃபோர்ப்ஸ் முதல்வர் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

அவர் பையின் துளைகள் சின்னவை. இறங்கிய வேகத்தில் சேறு அடைத்துக்கொள்ளும். பிறகு பை சும்மா ஊர்வலம் போகும். போதாக்குறைக்கு ஏஜியன் ஆழம் இயல்பிலேயே உயிர் வறண்ட இடம். இதையெல்லாம் யார் கேட்டார்கள்? இருட்டு, குளிர், அழுத்தம், அங்கே எது பிழைக்கும் என்ற நியாயம் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. கீழே போகப்போகத் தண்ணீர் கெட்டியாகிவிடும், மூழ்கிய கப்பலும் பீரங்கியும் தரை தட்டாமல் நடுவிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்று நம்பிய மாலுமிகளும் அன்றைக்கு இருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பதில் இருபது வருஷம் முன்பே வந்து சேர்ந்திருந்தது. 1818இல் வடமேற்குக் கடல்வழி தேடிப்போன ஜான் ராஸ், பாஃபின் விரிகுடாவில் ஆயிரம் பாகக் கயிற்றை இறக்கிப் புழுக்களையும், கிளை கிளையாகக் கை விரித்த ஒரு நட்சத்திர உயிரியையும் மேலே கொண்டுவந்தார். ஆனால் அதே பயணத்தில் லங்காஸ்டர் நீரிணையை ஒரு மலைத்தொடர் அடைத்து நிற்பதாகவும் பார்த்தார். அதற்குக் கடற்படைச் செயலர் குரோக்கரின் பெயரை வைத்துவிட்டு ஊர் திரும்பினார். மறுவருஷம் வில்லியம் பாரி அந்த ‘மலை’க்குள் கப்பலை ஓட்டிக்கொண்டு போனார், ஒரு கூழாங்கல்கூடத் தட்டவில்லை. இல்லாத மலையைப் பார்த்தவர் இருக்கிற உயிரியைச் சொன்னால் எடுபடுமா?

கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தது தந்திக் கம்பி. சார்டீனியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் நடுவே போட்ட கம்பி 1860இல் செத்துப்போனது. பழுதுபார்க்கத் தூக்கினார்கள். ஆயிரம் பாகத்துக்கும் கீழே கிடந்த துண்டில் பவளங்கள் ஒட்டி, வளர்ந்து, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பை போகிற வழியில் எதையோ கவ்வியது என்று வாதாடலாம். கம்பியில் ஒட்டி வளர்ந்ததை என்ன சொல்லி மழுப்புவது?

ஒன்றுமில்லை என்ற கட்சி தோற்றதும், எல்லாமே அங்கேதான் என்ற கட்சி கிளம்பியது. டார்வினுக்காகச் சண்டை போட்டுப் பெயர் வாங்கிய தாமஸ் ஹக்ஸ்லி, அட்லாண்டிக் சேறு ஊறிய பழைய ஜாடிகளை 1868இல் மீண்டும் திறந்தார். சாராயத்தில் வழவழவென்று ஒரு கூழ். உயிரின் ஆதிப்பொருள் இதுவே என்று முடிவுகட்டி, ஜெர்மன் நண்பர் ஹேக்கலை மகிழ்விக்க ‘பாதிபியஸ் ஹேக்கலி’ என்று நாமகரணம் சூட்டினார். ஹேக்கல் மகிழ்ந்தார். உலகக் கடலடி முழுவதும் ஒரே உயிர்க்கூழ் விரிப்பு என்றார்.

1872 டிசம்பரில் ‘சேலஞ்சர்’ கப்பல் புறப்பட்டது. இரண்டைத் தவிர மற்றப் பீரங்கிகளை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடமும் ஜாடிகளும் கயிறும். தலைவர் வைவில் தாம்சன். மூன்றரை வருஷம், சுமார் 1,27,500 கிலோமீட்டர். காவியம் மாதிரி எழுதுவார்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆழ்கடலில் ஒரு முறை பை இறக்கி ஏற்ற ஒரு பகல் போய்விடும். வருவது பெரும்பாலும் சேறு. ஆரம்பத்தில் பை ஏறும்போது கப்பலே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நாளாக ஆக, சாப்பாட்டு நேரத்தில் பை வந்தால் விஞ்ஞானிகளிலேயே சிலர்தான் எழுந்து போனார்கள். மாலுமிகள் துறைமுகம் கண்ட இடத்தில் நழுவினார்கள். அதிகாரிகள் அறையில் தொப்பி மாட்டும் ஆணியில் குடியிருந்த ராபர்ட் என்ற கிளி மட்டும் உற்சாகம் குன்றாமல் இருந்தது: இரண்டாயிரம் பாகம் விட்டும் தரை தட்டவில்லையா என்று அங்கலாய்க்கும், பயணத்துக்குக் காசு வாங்கிக்கொடுத்த டாக்டர் கார்ப்பெண்டரின் பெயரைப் பட்டத்தோடு கூப்பிடும். அந்தப் பயணத்தின் நேர்மையான அறிக்கை கிளியுடையது என்பது என் கட்சி. மற்றவர்களின் அறிக்கை 50 தொகுதி ஆயிற்று. முடிய 1895 ஆனது. சுமார் 4,700 புதிய உயிரினங்கள் அதில் இருக்கின்றன.

பாதிபியஸ் மட்டும் இல்லை. எத்தனை முறை வாரினாலும் கூழ் கிடைக்கவில்லை. கப்பலின் வேதியியலாளர் புக்கானன்தான் கவனித்தார்: சேறு வரும்போது கூழ் இல்லை, கெட்டிச் சாராயத்தை ஊற்றினால் வருகிறது. கடல்நீரிலுள்ள கால்சியம் சல்பேட், சாராயம் பட்டுத் திரண்டு நிற்கிறது! உயிரின் ஆதிமூலம் என்று கொண்டாடியது ஜிப்சத்தை. ஹக்ஸ்லி 1875இல் கௌரவமாக ஒப்புக்கொண்டார். ஹேக்கலுக்கு மனசு வரவில்லை. தன் பெயர் வைத்த குழந்தையை அவர் இன்னும் சில வருஷம் கைவிடவில்லை.

சாராயம் கெடுத்ததைச் சாராயமே திருப்பிக் கொடுத்தது, நூறு வருஷம் கழித்து. 1977 பிப்ரவரி, கலாபகஸ் அருகே 2,500 மீட்டர் ஆழம். கடலடி வெந்நீர் ஊற்றைத் தேடி ‘ஆல்வின்’ என்ற குட்டி நீர்மூழ்கியில் இறங்கினார்கள். குழுவில் புவியியலாளர் உண்டு, வேதியியலாளர் உண்டு. உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. எதற்கு? கீழேதான் ஒன்றுமில்லையே! ஊற்றும் இருந்தது, அதைச் சுற்றிப் பெரிய சிப்பிகள், நண்டுகள், வெள்ளைக் குழாய்க்குள்ளிருந்து சிவந்த தலை நீட்டும் புழுக்கள் என்று திருவிழாவும் நடந்துகொண்டிருந்தது. பிடித்தார்கள், மேலே கொண்டுவந்தார்கள். தண்ணீர் மாதிரியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். மாதிரிகளைப் பாதுகாக்கக் கையில் இருந்தது கொஞ்சம் ஃபார்மலின், மற்றபடி பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்கா. இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் ஆகப்பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அந்த வோட்காவில் மிதந்துதான் கரைசேர்ந்தது.

அந்தப் புழுவுக்கு வாயில்லை, குடலில்லை. என்ன தின்கிறது என்று நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1980இல் ஹார்வர்டு வகுப்பில் புழு நிபுணர் மெரடித் ஜோன்ஸ், உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதைச் சொன்னதும் காலின் கவனா என்ற மாணவி எழுந்தார்: உள்ளே பாக்டீரியா இருக்கிறது, கந்தகச் சேர்மத்தை எரித்து அதுதான் இதற்குச் சோறு போடுகிறது என்றார். அடுத்த வருஷமே நிரூபணக் கட்டுரை வந்தது. சூரியனைக் கேட்காமல் ஒரு உலகம் சமைத்துச் சாப்பிடுகிறது என்பதைப் பேராசிரியர்களுக்கு முன்னால் கண்டுகொண்டது ஒரு மாணவி.

ஆல்வினுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1968இல் கயிறு அறுந்து, மூடி திறந்தபடி 1,500 மீட்டருக்கு மூழ்கிப்போனது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். மதியச் சாப்பாடு தப்பவில்லை. பத்து மாதம் கழித்துத் தூக்கினால் சாண்ட்விச்சும் ஆப்பிளும் நனைந்திருந்தனவே தவிரக் கெடவில்லை. ஆழத்தில் எதுவும் லேசில் மக்காது, அங்கே குப்பை கொட்டலாம் என்று கனவு காணாதீர்கள் என்பதை நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானாஷ் இந்தச் சாண்ட்விச்சை வைத்தே எச்சரித்தார்.

யார் கேட்டார்கள்? ஒன்றுமில்லை என்பவனுக்குப் பின்னாலேயே அள்ளுகிறவன் வருவான். ‘சளித்தலை’ என்ற ஆழ்கடல் மீனுக்கு விற்பனைக்காக ‘ஆரஞ்சு ரஃபி’ என்று பெயர் மாற்றி, கூட்டங்கூட்டமாக வாரினார்கள். அது நூறு வயதைத் தாண்டி வாழும் மீன், முட்டையிடவே இருபது முப்பது வருஷம் ஆகும் என்பது வாரியபிறகு தெரிந்தது. சேலஞ்சர் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பருமன் மாங்கனீசு உருண்டைகளுக்கும் கிராக்கி வந்தது. அந்த ஆசையை ஊதிவிட்டதில் அமெரிக்க உளவுத்துறைக்கும் பங்குண்டு. கடலடியில் மூழ்கிக் கிடந்த சோவியத் நீர்மூழ்கியைத் திருட 1974இல் ‘குளோமார் எக்ஸ்ப்ளோரர்’ கப்பலை அனுப்பி, உருண்டை தோண்டப் போகிறது என்று ஊரை நம்பவைத்தார்கள். பொய் சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள், கேட்டவர்கள் இன்னும் நம்புகிறார்கள்.

உருண்டை பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும். 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலடியை ஜெர்மன் விஞ்ஞானிகள் சோதனைக்காக உழுது பார்த்தார்கள். 2015இல் போய்ப் பார்த்தபோது உழுத சால் அப்படியே கிடந்தது.

மத்திய இந்தியப் பெருங்கடலில் இந்தியாவுக்கும் 75,000 சதுர கிலோமீட்டர் உருண்டைக் காடு ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்க ‘மத்ஸ்யா 6000’ என்ற நீர்மூழ்கி சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகிறது. இறங்கட்டும், வாழ்த்துகள். அந்த மூவரில் ஒருவராவது உயிரியலாளராக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஃபார்மலினையும் போதுமான அளவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.