வழி தெரிந்தவன் பாடு

ஜார்ஜ்டவுனில் வழி கேட்பதென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். லிட்டில் இந்தியாவின் ஒருவழிச் சாலைகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகளை அடைத்தாலும், கார் நிறுத்த ஓர் இடம் வைத்திருப்பேன். வீட்டில் எனக்குக் கொஞ்சநஞ்சம் மரியாதை இருப்பதே இந்த ஒரு தகுதியால்தான்.

அதற்கும் உலை வைத்தது மகனின் பழைய பிஎஸ்பி. சோனி 2004இல் வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவி. அதில் கஸ்டம் ஃபர்ம்வேர் என்ற மாற்று மென்பொருளை ஏற்றி ‘மோட்’ பண்ணிவிட்டான். கம்பெனி அனுமதி இல்லாமல், ஆர்வலர்கள் எழுதும் விளையாட்டுகளும் இனி அதில் ஓடும். அப்படி வந்து சேர்ந்ததுதான் ‘ஸ்பெலங்கி’. டெரிக் யூ 2008இல் கணினிக்காக இலவசமாக வெளியிட்டதை, ஓர் ஆர்வலர் பிஎஸ்பிக்கென்று எழுதியிருக்கிறார்.

குகைக்குள் குதித்து இறங்கிப் புதையல் எடுக்க வேண்டும். “இவ்வளவுதானா? ரெண்டு தடவை ஆடினா வழி மனப்பாடம்” என்றேன். மகன் சிரித்தான். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; அப்போது குகையே வேறு! நாலுக்கு நாலாக 16 அறைகள். மேலிருந்து கீழே இறங்க ஒரு வழியை முதலில் போட்டுவிட்டு, மிச்சத்தை இயந்திரம் தன் இஷ்டத்துக்கு நிரப்பும். வழி கட்டாயம் உண்டு, எனக்குத்தான் அகப்படாது. போன குகையில் இடப்பக்கம் ஏணி இருந்த ஞாபகத்தில் இடப்பக்கம் குதிப்பேன். அங்கே முள் காத்திருக்கும்.

என் மனைவி சொந்தத் தங்கை வீட்டுக்கே என்னிடம் வழி கேட்டுத்தான் போவாள். அவளோ குகைகுகையாக இறங்குகிறாள். சுவரில் அம்புப் பொறி ஒன்று உண்டு. எதிரே எது அசைந்தாலும் எய்துவிடும். ஆனால் இருப்பது ஒரே அம்பு. இவள் ஒரு கல்லை முன்னால் வீசுவாள். அம்பு கல்லோடு போய்விடும். இவள் சாவகாசமாக நடப்பாள். நகை வாங்கும் பேச்சை எடுக்குமுன் மின்கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை போட்டு, நான் கத்தி ஓயும்வரை காத்திருப்பாளே, அதே வித்தை!

அறைகள் மாறும், பொறியின் குணம் மாறாது. குணத்தைப் படித்தவர் பிழைக்கிறார், இடத்தை நெட்டுருப் போட்டவர் சாகிறார். ஆகவே குடும்பத் தலைவர்களே, இதை ஆடுவதானால் கையில் ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள். கல் கிடைக்காவிட்டால், கௌரவம் பார்க்காமல் கருவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.