மீதி மட்டும் காட்டும் எண்

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, பந்தி முடிந்த கையோடு மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்துவிடுவார்கள். கீழே பெண்கள் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருக்க, மேலே சீட்டுக்கட்டு பிரியும். பதின்மூன்று சீட்டு ரம்மி. 250 பாயிண்ட் தாண்டியவர் வெளியே. சீட்டு சரியில்லை என்று ஆரம்பத்திலேயே கவிழ்த்தால் ஸ்கூட், 20. நடுவில் கவிழ்த்தால் 40. ஃபுல் வாங்கினால் 80. எண்பதுகளில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். டீ வாங்கி வருவதும் பெரியப்பாவுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பதும் என் வேலை.

கணக்கு நோட்டு எப்போதும் பெரியப்பாவிடம்தான். பக்கத்தை நெடுக்கில் கோடு போட்டுப் பிரித்து, தலைப்பில் ஒவ்வொருவர் பெயரின் முதலெழுத்தை எழுதுவார். ஒரு ஆட்டம் முடிந்தால் பாயிண்டைக் கூட்டிக் கீழே எழுதுவாரே தவிர, மேலே இருப்பதை அடிக்க மாட்டார். வெளியே போனவர் மறுபடி காசு கட்டி உள்ளே வந்தால் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். விடியக்காலை நாலு மணிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால், யார் எந்த ஆட்டத்தில் சறுக்க ஆரம்பித்தார், எத்தனை தடவை திரும்ப வந்தார் என்று மேலிருந்து கீழ்வரை தெரியும். ஆடியவருக்கு மட்டுமல்ல, சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வட்டம் விழுந்தால் பெரியப்பா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “போதும்டா, போய்ப் படு” என்பார். படுத்துவிடுவார்கள்.

அதற்காக அந்தக் காலத்துச் சீட்டாட்டத்துக்கு நான் மாலை போடவில்லை. டவுன் கிளப்புகளில் உட்கார்ந்து நிலத்தை விட்டவர்களையும் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். என் மனசில் நிற்பது அந்த நோட்டுதான்.

சித்தி மகன் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். கொரோனா ஊரடங்கில் போனில் போக்கர் பழகினான். கெட்டிக்காரன். கையில் இரண்டு சீட்டு, தரையில் ஐந்து சீட்டு. எந்தச் சீட்டு வர என்ன வாய்ப்பு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். போக்கரில் நன்றாக ஆடுகிறவர்கள் பெரும்பாலான கைகளை ஆடாமலே மடக்கிவிடுவார்கள். ஆகவே அது காத்திருக்கிற ஆட்டம். மாடியில் அந்தக் காத்திருப்பை வெற்றிலையும் ஊர்க்கதையும் எதிராளியின் முகமும் நிரப்பின. போனில் அதை நிரப்ப ஒரு எண்தான் உண்டு.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கையை மடக்கினான். உடனே கட்டைவிரல் திரையின் மூலைக்குப் போய் வாலட்டைத் திறந்தது. 3,140 ரூபாய். அடுத்த கை, மறுபடி மடக்கல், மறுபடி வாலட். 3,140. திரையைக் கீழே இழுத்து ரெஃப்ரெஷ் செய்தான், அதே 3,140. மேசைக்கு எடுத்துப்போன பணம் தனி, வாலட்டில் இருப்பது தனி. மேசையை விட்டு எழுந்தால் ஒழிய அந்த எண் அசையாது. இது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“எதுக்குடா அதையே பார்த்துக்கிட்டிருக்க?”

“கன்ட்ரோல்ல இருக்கணும்லண்ணே. எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே ஆடணும்.”

அவன் அதை மனசாரச் சொன்னான். பார்த்துக்கொண்டே இருந்தால் பணம் தன் பிடியில் இருக்கிறது என்று நம்பினான். அந்த எண் மீதியை மட்டும் சொல்லும். போன வாரம் ஐயாயிரம் போட்டது, அது கரைந்து மறுபடி மூவாயிரம் போட்டது எதுவும் அதில் இல்லை. பெரிதாகச் சேரும் ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் கம்பெனி எடுத்துக்கொள்ளும் பங்கும் இல்லை. 2023 அக்டோபரிலிருந்து போடும் பணத்துக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதைக்கூடப் பல செயலிகள் போனஸ் கொடுத்து ஈடுகட்டி, போட்ட தொகை முழுதாக இருப்பதுபோலவே காட்டின. பெரியப்பா அடிக்காமல் விட்டதையெல்லாம் இங்கே நொடிக்கு நொடி அடித்து, கடைசி வரியை மட்டும் பளபளவென்று காட்டினார்கள்.

பர்சனல் லோன் தவணை தவறி வங்கியிலிருந்து சித்திக்கு போன் வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. அவனையும் வைத்துக்கொண்டு ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து, செயலிக்குப் போன ஒவ்வொரு யுபிஐ வரியிலும் மஞ்சள் மை தடவினோம். ஐநூறு, ஐநூறு, ஆயிரம், இருநூறு. சில பக்கங்களில் வெள்ளையைவிட மஞ்சள் அதிகம். திரும்பி வந்ததைக் கழித்துக் கூட்டியபோது அவனுடைய ஒரு வருஷச் சம்பளத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. “இவ்வளவாண்ணே?” என்றான். எந்த நிமிஷம் கேட்டாலும் பைசா சுத்தமாக இருப்பைச் சொல்லக்கூடியவன் அவன்.

இந்த ஆட்டங்களைப் பற்றி நீதிமன்றங்களில் நடந்ததெல்லாம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதம். 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. அவை திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. திறமை ஆட்டம் என்பதை நான் மறுக்கவே இல்லை. என் தம்பியிடம் அந்தத் திறமை இருந்தது. ஆனால் சில நூறு கைகளில் திறமை தெரியாது, ஆயிரக்கணக்கில் ஆடினால்தான் தெரியும் என்று அந்த ஆட்டக்காரர்களே சொல்வார்கள். அப்படியிருக்க ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கும் இருப்பு அவன் திறமையைப் பற்றி என்ன சொல்லும்?

2025 பிப்ரவரியில் தமிழக ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான தடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற அறிவிப்பு திரையில் வர வேண்டும். என்னைக் கேட்டால் அரை மணிக்கு ஒரு தடவை போதாது. இருப்பு தெரிகிற அதே மூலையில், அதே அளவு எழுத்தில், மொத்தம் உள்ளே போட்டதும் எப்போதும் தெரிய வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஆன்லைன் பண ஆட்டங்களுக்குத் தடை போட, பெரிய செயலிகள் நிறுத்திக்கொண்டன. தம்பி வாலட்டில் கிடந்ததை வங்கிக்கு மாற்றிக்கொண்டான். லோன் தவணை இன்னும் ஓடுகிறது. வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் டெலிகிராமில் வந்துகொண்டேதான் இருக்கிறது; நம் ஊர் விதிக்கெல்லாம் அவை பிடிகொடுப்பதில்லை. அதனால் மாதக் கடைசியில் அவன் ஸ்டேட்மென்ட்டை எனக்கு அனுப்புகிறான். இதை நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்ன ஏற்பாடு.