நுரையில் நெய்த வீடு

கேள்வி: வீட்டுத் தொட்டியில் ஒரு ஜோடி குள்ள கௌராமி வளர்க்கிறேன். இரண்டு நாளாக ஆண் மீன் தண்ணீர் மேல் நுரை துப்புகிறது; பெண்ணை விரட்டுகிறது. நோயா, குடும்பச் சண்டையா?
– ஒரு தறிக்காரர், கண்ணமங்கலம்

பதில்: இரண்டும் இல்லை, கல்யாண வேலை! உங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பட்டு நெய்வார்கள்; இவர் நுரை நெய்கிறார். காற்றை விழுங்கி, எச்சில் பூசிக் குமிழியாக விடுவார். நடுநடுவே பாசியையும் இலைத் துணுக்கையும் செருகுவார். பாவு நுரை, ஊடை பாசி. கூலி உயர்வு கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

கூடு முடிந்ததும் பெண்ணை வளைத்துத் தழுவுவார். முட்டைகள் மிதக்கும்; விலகிப் போனவற்றை வாயால் கவ்விக் கூட்டில் சேர்ப்பார். அதோடு சம்சாரத்துக்கு மரியாதை தீர்ந்தது, அருகே வந்தால் கடிதான். உடனே அம்மாவை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் அப்பாவையும் எடுத்துவிடுங்கள். காவல்காரரே பிள்ளைகளை விழுங்கிவிடக்கூடும். ஃபில்டரை மெதுவாக ஓடவிடுங்கள், நீரோட்டம் கூட்டைக் கலைத்துவிடும். கௌராமி மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன். அதனால் தொட்டியை மூடியே வையுங்கள், நீர்மேல் காற்று வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம். நுரைக் கூட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்!