வேலைக்கள்ளன் வாசல்

வா மருமகனே, உட்காரு. புது வீட்டு வாசல்ல வெயில் எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போகுதுன்னு போன்ல குறிச்சு வச்சிருக்கியாமே? நல்லது. இரத்தோட்டையில வெயிலுக்கே பேர் போட்ட முதல் கணக்கப்பிள்ளை நீதான்.

செடி குட்டையா இருக்கணும், வருஷம் பூரா பச்சையா நிக்கணும், தண்ணி, உரம், வெட்டு எதுவும் கேட்கக் கூடாது. அதானே? இருக்கு. டவுன் ஹாட்வெயார் கடையில டின்னுல அடைச்சு விக்கிறான். பச்சை பெயிண்ட்.

கோவிக்காதே. குட்டைப் பச்சைச் செடியைப் பத்தி நம்மகிட்டயா கேட்கிற? 1867ல ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை வச்ச காலத்துல இருந்து இந்தச் சனத்துக்கு அதுதானே பொழப்பு. ரிவஸ்டன் பார்க்கப் போறவங்க வேனை நிறுத்தி, மலையே பாய் விரிச்ச மாதிரி இருக்குன்னு படம் எடுக்கிறாங்க. சும்மா விட்டா தேயிலை 30 அடிக்கு மேல போற மரம், மருமகனே. ஏழெட்டு நாளைக்கு ஒருக்கா கொழுந்து கிள்ளி, மட்டக்கம்பு வச்சு மட்டம் பார்த்து, சில வருஷத்துக்கு ஒருக்கா கவ்வாத்துக் கத்தியால தலையைச் சீவினாத்தான் இடுப்பளவுல நிக்கும். படத்துல பாய்தான் விழும், முடைஞ்ச கை விழாது.

சரி, உனக்கு ஏத்தது வெட்சி. நர்சரியில எக்சோரான்னு சொல்லி விலையை ஏத்துவான். சிங்களத்துல ரத்மல். இந்த மண்ணுலயே பிறந்த செடி. அந்தக் காலத்துல பகைவன் மாட்டைக் களவெடுக்கப் போனவன் இதைச் சூடிக்கிட்டுத்தான் போவானாம்; தொல்காப்பியத்துல அதுக்குத் திணையே வெட்சித்திணை. வேலைக்கள்ளன் வாசலுக்கு வேற எந்தப் பூ பொருந்தும்?

சின்ன இலைக் குட்டை ரகமாப் பார்த்து வாங்கு. இரண்டு, மூணு அடிக்கு மேல போகாது. நல்ல வெயில் விழுந்தாத்தான் கொத்துக் கொத்தாப் பூக்கும். ஐப்பசி மழையோட நடு, இரண்டடிக்கு ஒண்ணு. சிமெந்து மதிலை ஒட்டி மட்டும் வச்சிடாதே. இதுக்குத் தேயிலை மாதிரி புளிப்பு மண்தான் பிடிக்கும். மதில் சுண்ணாம்பு இறங்கினா நரம்பு மட்டும் பச்சையா நின்னு, மீதி இலை மஞ்சளாகிடும். அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுவ. எறும்பு சாரை சாரையா ஏறினா எறும்பைத் திட்டாதே. இலைக்கடியில மாவுப்பூச்சி இருக்கான்னு திருப்பிப் பாரு. பூத்து ஓய்ஞ்சதும் நுனியை லேசாக் கிள்ளிவிடு. மாசி, பங்குனி வெயிலுக்கு முதல் வருஷம் மட்டும் தண்ணி தவறக் கூடாது. வேர் பிடிச்சிட்டா அது பாட்டுக்கு நிக்கும்.

பூ வந்ததும் பிள்ளைகளை விரட்டாதே. காம்புக்குள்ள இருக்கிற நரம்பை மெதுவா இழுத்தா நுனியில ஒரு பொட்டுத் தேன் வரும். பள்ளிக்கூடம் போற வழியில நாங்க பசியாறினது அதுலதான்.

என்ன, என் வாசலைப் பார்க்கிற? இருபது வருஷமா செக்கச் செவேல்னு பூக்குது. சாமி சத்தியமா ஒரு செம்புத் தண்ணி நான் ஊத்தினதில்ல, ஒரு குச்சி கிள்ளினதில்ல. பராமரிப்பே இல்லாத செடின்னா இதுதான்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

மெதுவாப் பேசு. உங்க அத்தை வாளியோட வர்றா.